மறுசுழற்சி பி.பி.க்கு எந்தப் பொடி? வாளிக்கு ஒன்று, மூடிக்கு வேறு

தேவகோட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் ஒரு பழைய இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டான். உருகிய பிளாஸ்டிக்கை டை என்கிற அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் மெஷின் அது. மூடி போட்ட குப்பைக்கூடை, கழுவுகிற வாளி, பூந்தொட்டி மூன்றும் போடுவதாகத் திட்டம். சரக்கு முழுக்கப் பழைய பி.பி., அதாவது பாலிபுரோப்பிலீன். கல்யாணச் சாமான் வாடகைக்கு விடும் கடைகளின் கொல்லையில் காலொடிந்து கிடக்கும் நாற்காலி, பெயின்ட் வாளி, வீடுகளில் கழிக்கும் வாளி, மக்கு. செட்டிநாட்டில் ஒரு கல்யாண சீசன் முடிந்தால் உடைந்த நாற்காலிக்குப் பஞ்சமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு வந்தவன் கையில் நாலு பொட்டலம்.

"அண்ணே, ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. இதுல எதைப் போட்டா பழைய சரக்கு புதுசு மாதிரி வரும்? நீங்க சொல்றதையே வாங்கிடுறேன்."

ஒன்றில் டால்க் என்கிற மென்மையான கல்தூள். ஒன்றில் சுண்ணாம்புத்தூள் ஏற்றிய ஃபில்லர், அதாவது இடம் நிரப்பும் குருணை. மூன்றாவது சோடியம் பென்சோயேட். நாலாவது, பிளாஸ்டிக்கைத் தெளிவாக்கும் சார்பிட்டால் வகை கிளாரிஃபையர். கைப்பிடி அளவுதான் இருந்தது, விலையில் அதுதான் உச்சம். நாலுமே உருகிய பிளாஸ்டிக் ஆறி உறையும் விதத்தை ஏதோ ஒரு அளவுக்கு மாற்றுகிறவை. அதனால்தான் நாலு பேர் நாலைச் சொல்லியிருக்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாளிக்கும் பூந்தொட்டிக்கும் இந்த நாலில் ஒன்றும் வேண்டாம். அவற்றுக்கு வேண்டியது அந்தப் பொட்டலங்களிலேயே இல்லை. குப்பைக்கூடையின் மூடிக்கு மட்டும் டால்க், அதுவும் நூற்றுக்குப் பத்தைத் தாண்டாமல். இந்த முடிவுக்கு வர எனக்குப் பல வருடம் ஆனது, நிறையச் சரக்கும் வீணானது. அவனுக்கு அது வேண்டாம் என்றுதான் அன்று இரவு வெகுநேரம் உட்கார்ந்து பேசினோம். இதே தொழிலில் இறங்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கற்கண்டுக்குள் இருக்கும் நூல்

பனங்கற்கண்டுக் கட்டியை உடைத்தால் சிலவற்றின் நடுவே நூல் இருக்கும். பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, வாரக்கணக்கில் அசையாமல் வைப்பார்கள். படிகமாகத் தொடங்குவதற்குச் சர்க்கரை ஒரு பிடிமானம் தேடும். நூல் அதைக் கொடுக்கிறது. ஒரு படிகம் ஒட்டிக்கொண்டால் அதன்மேல் அடுத்தது ஏறும். நூலால் இனிப்பு கூடுவதில்லை, பாகு வேறு பாகாக ஆவதுமில்லை. எங்கே தொடங்குவது, எவ்வளவு சீக்கிரம் தொடங்குவது என்பதுதான் அதன் வேலை. பிளாஸ்டிக்கில் போடும் நியூக்ளியேட்டர், அதாவது படிகம் தொடங்கப் பிடிமானம் தரும் பொருளின் வேலையும் இவ்வளவே. இதை மனத்தில் பிடித்துக்கொண்டால் பாதி விளம்பரப் பேச்சு தானாக உதிர்ந்துவிடும்.

பி.பி.யும் படிகமாகும் பொருள்தான். 1954-இல் இத்தாலியில் ஜூலியோ நட்டா, பக்கக் கிளைகள் எல்லாம் ஒரே ஒழுங்கில் அமைந்த பாலிபுரோப்பிலீனைச் செய்தார். அந்த ஒழுங்கு இருப்பதால் நீளச் சங்கிலிகள் மடிந்து மடிந்து அடுக்காக உட்கார முடிகிறது. முழுதும் உட்காராது. ஏறக்குறையப் பாதி அடுக்காகும்; மீதி சிக்கிய நூல்கண்டு மாதிரி இடையிடையே கிடக்கும். விறைப்பு அடுக்கிலிருந்து வருகிறது. அடி வாங்கினால் வளைந்து கொடுப்பது சிக்கலிலிருந்து வருகிறது.

உருகுவது 160 முதல் 165 டிகிரியில். ஆனால் ஆறும்போது அதே சூட்டில் உறையாது. சோதனைக்கூடத்தில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஆற்றிப் பார்த்தால், எதுவும் சேர்க்காத புதுச் சரக்கு 110, 120 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் உறையும். நல்ல நியூக்ளியேட்டர் இருந்தால் 125, 130 டிகிரியிலேயே உறைந்துவிடும். இந்தப் பத்துப் பதினைந்து டிகிரிக்குத்தான் காசு. ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒரு முறை வார்த்தெடுக்க, ஆகும் நேரத்தில் பாதிக்கு மேல் ஆறுவதற்கே போகிறது. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் கூலிங் டவர் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும். டையைத் திறந்தால் வாளி இன்னும் துவண்டுகொண்டிருக்கும். முன்னதாகவே உறையும் சரக்கு என்றால் சூடாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்.

இன்னொரு பலனும் உண்டு. பிடிமானம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு படிகக் கொத்தும் தன் இஷ்டத்துக்குப் பெரிதாக வளரும். பிடிமானம் நிறைய இருந்தால் எல்லாம் சின்னச் சின்னதாக நின்றுவிடும். மெல்ல ஆறிய நெய் மணல் மணலாகவும், சட்டென்று குளிர்ந்த நெய் வழுவழுப்பாகவும் உறைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொத்து சிறுத்தால் விறைப்பு சற்றுக் கூடும், ஒளி சிதறுவது குறைந்து தெளிவும் வரும்.

இதெல்லாம் புதுச் சரக்கின் கதை.

பழைய சரக்கில் என்ன நடந்திருக்கிறது

பழைய பி.பி.யில் இரண்டு காரியம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். முதலாவது, சங்கிலிகள் அறுந்திருக்கும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சூட்டிலும் ஸ்க்ரூவின் அரைப்பிலும் கொஞ்சம் அறும். வெயிலில் கிடந்தால் இன்னும் மோசம். வளவு வாசலிலும் பந்தலிலும் வருடக்கணக்கில் வெயில் காய்ந்த நாற்காலியின் முதுகை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டும். கூர்ந்து பார்த்தால் முடி போல மெல்லிய வெடிப்பு. புற ஊதாக் கதிர் சங்கிலியை அறுக்கிறது. அதுவரை சிக்கிக் கிடந்த துண்டுகளுக்கு விடுதலை கிடைத்து, அவையும் போய் அடுக்கில் உட்கார்ந்துகொள்கின்றன. அடுக்கானதும் மேற்பரப்பு சுருங்குகிறது, சுருங்கியதும் வெடிக்கிறது. நாற்காலி உடைவதற்கு முன்பே, யாரும் எந்தப் பொடியும் போடாமலே, அதில் படிகம் கூடியிருக்கிறது.

இரண்டாவது, பிடிமானம் நிறையவே இருக்கும். பழைய நிறமி, பழைய டால்க், சுண்ணாம்பு, கழுவியும் போகாத புழுதி, அதோடு குடமும் டப்பாவும் கலந்ததால் வந்த பாலி எத்திலீன். இவற்றில் பல, நூலின் வேலையைச் செய்யக்கூடியவை. குட்டைச் சங்கிலி எளிதாகப் புரண்டு உட்காரும் என்பதால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பழைய சரக்கு பெரும்பாலும் புதுச் சரக்கைவிடச் சீக்கிரமாகவே உறைகிறது. அதில் மேலும் நியூக்ளியேட்டர் போடுவது உறைந்த தயிரில் மறுபடி உறைமோர் ஊற்றுகிற மாதிரி. விற்பவர் காட்டும் அட்டவணையில் உள்ள பத்துப் பதினைந்து டிகிரி, புதுச் சரக்கில் எடுத்த கணக்கு. கலவைப் பழைய சரக்கில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். பல நேரம் கண்ணுக்கே தெரியாது.

அப்படியானால் பழைய வாளி ஏன் படீரென்று உடைகிறது? படிகம் போதாமல் இல்லை. ஒரு அடுக்கிலிருந்து புறப்பட்டு இடையிலுள்ள சிக்கலைக் கடந்து அடுத்த அடுக்கில் போய் முடியும் நீளச் சங்கிலிகள்தான் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பவை. கொட்டான் முடைகிறவர்களைக் கேளுங்கள். ஓலை நீளமாக இருந்தால்தான் பின்னல் நிற்கும். துண்டு ஓலையை எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும் தூக்கியதும் பிரியும். அறுந்த சங்கிலிக்குப் பொடி மருந்தாகாது. நான் தம்பியிடம் நாலைந்து தடவை திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். விறைப்பில்லை, டையில் ஆற நேரமாகிறது, மூடி நெளிகிறது என்றால் படிகத்தின் பக்கம் பார்க்கலாம். உடைகிறது என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

சுண்ணாம்பு ஃபில்லர்: தராசில் வைத்துப் பார்த்தால்

நாலில் அதிகம் விற்பது இதுதான், அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான் என்பது என் அனுபவம். நம் வளவுகளின் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு இறுகி ஆவதும் இதே கால்சியம் கார்பனேட்தான். படிகத்துக்குப் பிடிமானமாக இது பலவீனமானது. பிளாஸ்டிக்கில் நன்றாகக் கலக்க வேண்டும் என்று ஸ்டியரிக் அமிலம் பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு இருந்தால் அந்த மேற்பரப்பில் படிகம் ஒட்டுவது இன்னும் குறையும். ஆக, உறைவதை மாற்ற இதை வாங்குவதில் அர்த்தமில்லை. கிலோ விலை குறையும் என்பதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். பி.பி.யின் அடர்த்தி சுமார் 0.905. சுண்ணாம்பு சுமார் 2.7. நூற்றுக்கு 20 சேர்த்தால் கலவை 1.04-க்கு வந்துவிடும். டை அதேதான், அது நிரம்ப வேண்டிய இடமும் அதேதான். எனவே 500 கிராம் வாளி ஏறக்குறைய 577 கிராம் ஆகிறது. அதில் சுண்ணாம்பு 115 கிராம், பிளாஸ்டிக் 462 கிராம். அதாவது 38 கிராம் பிளாஸ்டிக்கை மிச்சம் பிடிக்க 115 கிராம் ஃபில்லர் வாங்கியிருக்கிறோம். வாளி எண்ணிக்கையில் விற்கிறது, எடையில் இல்லை. தம்பி பேப்பரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தான்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பி.பி. மிதக்கும், பெட் பாட்டில் துண்டும் பி.வி.சி.யும் மூழ்கும். சின்ன யூனிட்டில் தரம் பிரிப்பதே இப்படித்தான். 20 சதவீதம் ஃபில்லர் ஏறிய பி.பி. தண்ணீரைவிடக் கனம், மூழ்கிவிடும். அந்த வாளி நாளை யாரிடமோ பழைய சரக்காக வரும்போது பி.வி.சி.யோடு சேர்ந்து அடியில் போய்ப் படியும். நாமே நம் பின்னால் வருகிறவருடைய சரக்கைக் கெடுத்தது போல ஆகும். பழைய நாற்காலியில் பலவற்றில் ஏற்கெனவே சுண்ணாம்பு ஏறியிருக்கும் என்பதால் அரைத்த துண்டுகளில் கொஞ்சத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும் என்றும் அவனுக்குச் சொன்னேன்.

சுண்ணாம்புக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அதே அளவு டால்க்கோடு ஒப்பிட்டால், நைசாக அரைத்துப் பூச்சு பூசிய சுண்ணாம்பு போட்ட பொருள் அடியைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும்.

டால்க்

கல்சட்டி செய்யும் மாக்கல் இருக்கிறதே, அதில் பெரும்பங்கு இந்த டால்க்தான். நகத்தால் கீறினாலே உதிரும் மென்மை. தட்டுத் தட்டாக, இலை மாதிரி உரியும் அமைப்பு. அந்தத் தட்டின் பரப்பில் பி.பி. படிகம் நன்றாக ஒட்டி வளர்கிறது. சுண்ணாம்பைவிட இது தெளிவாக நல்ல நியூக்ளியேட்டர். உறைவதை முன்னால் இழுக்க 1 சதவீதத்துக்கு அக்கம்பக்கமே போதும். அதற்கு மேல் போடும் டால்க் படிகத்துக்காக இல்லை, விறைப்புக்கும் சுருக்கம் குறைவதற்கும். பி.பி. டையிலிருந்து வந்தபின் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு வரை சுருங்கும். தட்டுகள் இடையில் கிடந்து அந்தச் சுருக்கத்தைத் தடுத்துப் பிடிக்கும்.

கெடுதியும் உண்டு. டால்க் கூடக்கூட வாளி அடி தாங்காது. மேலும், சூட்டிலிருந்து பாதுகாக்கப் போடும் ஆன்டிஆக்சிடன்டை டால்க்கின் மேற்பரப்பு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். டால்க் போட்டால் அந்த மருந்தையும் கொஞ்சம் கூட்டத்தான் வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. ஆறு மாதத்தில் பொருள் நொறுங்கும்போது டால்க்கைத் திட்டுகிறார்கள்.

10 சதவீதம் என்று நான் கோடு போட்டதற்குக் காரணம் தண்ணீர்த் தொட்டிதான். சுத்தமான பி.பி.யில் 10 சதவீதம் டால்க் சேர்த்தால் அடர்த்தி 0.97 அளவில் நிற்கும், இன்னும் மிதக்கும். 20 போனால் மூழ்கும்.

சோடியம் பென்சோயேட், சார்பிட்டால்

ஊறுகாய், பழரசம் கெடாமல் இருக்கப் போடும் அதே சோடியம் பென்சோயேட்தான் பி.பி.க்கு வெகுகாலமாக நியூக்ளியேட்டராக இருக்கிறது. 0.1 முதல் 0.3 சதவீதம் போதும். புதுச் சரக்கில் நல்ல வேலை செய்யும். ஆனால் அது உருகிய பி.பி.யில் கரைவதில்லை, தூளாகவே நின்று பிடிமானம் கொடுக்கிறது. 100 கிலோவில் 200 கிராம் தூளைச் சமமாகப் பரப்ப நல்ல மிக்ஸிங் வேண்டும். ஹாப்பரில் கையால் கிளறிவிட்டால் ஒரு வாளியில் கட்டியாகவும் அடுத்த வாளியில் ஒன்றுமில்லாமலும் போகும். அதோடு, பழைய சரக்கில் முன்பு போட்ட கால்சியம் ஸ்டியரேட் பெரும்பாலும் கொஞ்சம் இருக்கும். சோடியம் உப்பு வகை நியூக்ளியேட்டர்கள் சிலவற்றின் வேலையை அது மழுங்கடிக்கும். காசு குறைவுதான், கெடுதலும் பெரிதாக இல்லை. ஆனால் தம்பியிடம் இருப்பது ஒரு கிரைண்டரும் ஒரு டிரம்மும். அதை வைத்துக்கொண்டு இதில் பலன் காண முடியாது.

சார்பிட்டால் வகை அருமையான பொருள். அது தூளாக நிற்காமல் உருகிய பி.பி.யில் கரைந்துவிடும், ஆறும்போது பி.பி.க்கு முன்னால் தானே மெல்லிய இழைவலையாகப் பின்னிக்கொண்டு அந்த வலை முழுவதையும் படிகத்துக்குப் பிடிமானமாகக் கொடுக்கும். கொத்துகள் மிகச் சிறியதாகி, பால் மாதிரி இருந்த பி.பி. கண்ணாடி மாதிரி ஆகும். கடையில் பார்க்கும் தெளிவான பி.பி. டப்பாக்கள் இந்த வழியில் வருபவை. அளவு 0.2 சதவீதம்தான். ஆனால் கரைய வேண்டுமானால் பேரலில் நல்ல சூடு வேண்டும், அந்தச் சூடு ஏற்கெனவே குட்டையான சங்கிலியை இன்னும் அறுக்கும். அதைவிட முக்கியம், நீலமும் பச்சையும் கறுப்புமாகக் கலந்த சரக்கில் தெளிவை வைத்து என்ன செய்வது? அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். நிறமில்லாத, ஒரே வகை டப்பாச் சரக்கு மட்டும் தனியாக வாங்கிப் பிரிக்கிறவர்களுக்கு அது வேறு கணக்கு.

பீட்டா நியூக்ளியேட்டர் என்று ஐந்தாவதாக ஒன்றையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது பி.பி.யை வேறொரு படிக வடிவத்தில் உட்கார வைக்கும். அந்த வடிவம் 150 டிகிரிக்கு அருகில் உருகும், அடி நன்றாகத் தாங்கும். கேட்க ஆசையாக இருக்கும். பழைய சரக்கில் உள்ள நிறமியும் டால்க்கும் வழக்கமான ஆல்ஃபா வடிவத்துக்கே இழுப்பதால் பீட்டாவுக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்.

நீல மூடி

இப்போது மூடிக்கு வருகிறேன். எனக்கு நஷ்டம் கற்றுக்கொடுத்த பாடம் இது.

சில வருடங்களுக்கு முன் கறுப்பில் போட்டுக்கொண்டிருந்த மூடியை அதே டை, அதே செட்டிங்கில் நீலத்தில் போட்டேன். டையிலிருந்து வரும்போது நன்றாக இருந்தது. அடுக்கி வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. கூடையில் ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் எழும்பியது. டை தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன், பிறகு மெஷின் மேல் சந்தேகப்பட்டேன். காரணம் நீல நிறமியாகவே இருந்தது.

பிளாஸ்டிக்குக்கு நீலமும் பச்சையும் கொடுக்கும் தாலோசயனின் நிறமிகள் மிக வலுவான நியூக்ளியேட்டர்கள். நிறத்துக்காகப் போடும் துளி அளவே பி.பி.யையும் எச்.டி.பி.இ. என்கிற அடர்ந்த பாலி எத்திலீனையும் முன்கூட்டி உறைய வைத்துவிடும். வெள்ளைக்குப் போடும் டைட்டானியம் டையாக்சைடு அப்படிச் செய்வதில்லை. கறுப்புக் கார்பன் நடுத்தரம். நீலத்தில் சரக்கு பாய்ந்துகொண்டிருக்கும்போதே படிகம் பாய்ந்த திசையைப் பார்த்து அடுக்காகிறது. அதனால் பாய்ந்த திசையில் ஒரு அளவும் குறுக்கில் வேறு அளவுமாகச் சுருங்குகிறது. வாளி மாதிரி ஆழமான பொருளுக்குச் சுவரே தாங்கிக்கொள்ளும். தட்டையான வட்ட மூடிக்கு அந்தத் தாங்கல் இல்லை. பி.பி. டையிலிருந்து வந்த பிறகும் ஓரிரு நாள் படிகமாகிக்கொண்டே சுருங்கும் என்பதால் அன்றைக்கு அளந்தால் எதுவும் தெரியாது.

தம்பி போடப்போவதோ குப்பைக்கூடை. ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர்ந்ததற்கு நீலம் என்று ஊரெங்கும் கேட்கும் பொருள். இரண்டு நிறமும் பெரும்பாலும் இந்த நிறமியில்தான் வரும். அப்படியானால் மூடிக்குத் தனியாக நியூக்ளியேட்டர் வாங்குவதால் ஷாட் நேரம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீல மாஸ்டர்பேட்ச், அதாவது நிறமி செறிவாக ஏற்றிய குருணை, வாங்கும்போதே அந்த வேலைக்கும் சேர்த்துக் காசு கொடுத்தாகிவிட்டது. இங்கே வேண்டியது வேகம் இல்லை, சுருக்கம் எல்லாத் திசையிலும், எல்லா நிறத்திலும், எல்லா லோடிலும் ஒரே மாதிரி இருப்பது. அதற்கு இரண்டு வழி. நிறமியைவிட வலுவான, சுருக்கத்தைச் சமன் செய்யும் நியூக்ளியேட்டரைப் போட்டு நிறமியின் ஆட்டத்தை அமுக்குவது ஒன்று. பாஸ்பேட் உப்பு வகைகள் போன்றவை இதற்கு உண்டு, பெரிய கம்பெனிகள் அப்படித்தான் செய்கிறார்கள். மற்றது, 10 சதவீத டால்க். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: மொத்தச் சுருக்கமும் குறையும், தட்டை மூடிக்கு விறைப்பும் வரும். மூடி தூக்கி எறியப்படும் பொருள் இல்லை, அடி தாங்குவதில் கொஞ்சம் இழந்தாலும் பாதகமில்லை. சின்ன யூனிட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். டால்க்கைத் தூளாக வாங்காமல் மாஸ்டர்பேட்ச் குருணையாக வாங்கினால் மூச்சுக்கும் நல்லது, கலப்பும் சீராக வரும்.

அதோடு செலவில்லாத ஒரு வேலை: பழைய சரக்கைப் பிரிக்கும்போது நீலம், பச்சை ஒரு குவியல், மற்றவை ஒரு குவியல் என்று வைப்பது. நிறம் பார்த்துப் பிரிப்பது அழகுக்கு என்று நினைக்கிறோம். அது சுருக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

பொட்டலத்தில் இல்லாதது

வாளிக்கு நான் சொன்னவை மூன்று. முதலில் ஆன்டிஆக்சிடன்ட். ஃபீனால் வகையும் பாஸ்பைட் வகையும் சேர்ந்தது, 100 கிலோவுக்கு 100 முதல் 200 கிராம். இது படிகத்தை நேராகத் தொடுவதே இல்லை. இருக்கிற நீளத்தை மேலும் அறாமல் காக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் என் முதல் ரூபாய் இதற்குத்தான் போகும். இதனால் கண்ணுக்கு உடனே எந்த மாற்றமும் தெரியாது, அதனாலேயே யாரும் இதைச் சாம்பிளாகக் கொண்டுவந்து காட்டுவதில்லை.

இரண்டாவது, பெயின்ட் வாளிச் சரக்கு. அது பெரும்பாலும் பி.பி.சி.பி., ரப்பர் தன்மையுள்ள பகுதி உள்ளேயே கலந்த வகை. வெறும் நாற்காலி, மக்குச் சரக்கோடு மூன்றில் ஒரு பங்கு நல்ல பெயின்ட் வாளியைச் சேர்த்தாலே அடி தாங்கும் விதம் மாறிவிடும். கடையில் விற்கும் இம்பாக்ட் மாடிஃபையர் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். அது வேண்டுமென்றால் பிறகு பார்க்கலாம். பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்டி எடுக்கத்தான் வேண்டும், அதில் சோம்பல் கூடாது. கழுவிய தண்ணீரை ஊருணிப் பக்கம் விடவே கூடாது என்று அவனிடம் சத்தியமே வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது, தேவைப்படும் அளவுக்குப் புதுச் சரக்கு. தேவையை அறிய மெல்ட் ஃப்ளோ என்று ஒரு சோதனை உண்டு: 230 டிகிரியில், 2.16 கிலோ எடை வைத்து அழுத்தினால் 10 நிமிடத்தில் எத்தனை கிராம் ஒழுகுகிறது என்று பார்ப்பது. சங்கிலி குட்டையானால் எண் ஏறும். வழக்கமாக 11, 12 வரும் சரக்கு ஒரு லோடில் 20-ஐத் தாண்டினால் அந்த லோடு பூந்தொட்டிக்குப் போகட்டும், வாளிக்கு வேண்டாம். மதுரையிலுள்ள சிப்பெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற இடங்களில் இந்தச் சோதனையும், உறையும் சூட்டைக் காட்டும் டி.எஸ்.சி. சோதனையும் செய்யலாம். டி.எஸ்.சி.க்குச் சில மில்லிகிராம் சரக்கே போதும். சூடேற்றி உருக்கும்போது வரும் அதன் வரைபடத்தில் 160-ஐ ஒட்டி ஒரு மேடும் 130-ஐ ஒட்டி இன்னொரு மேடும் தெரிந்தால் பாலி எத்திலீன் கலந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர்த் தொட்டி அதைக் காட்டிக் கொடுக்காது, இரண்டும் மிதப்பவை. நியூக்ளியேட்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் பொடி போடாத தங்கள் சரக்கு எத்தனை டிகிரியில் உறைகிறது என்று பார்க்கட்டும். 120-க்கு மேல் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் வாங்குவதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

பூந்தொட்டி எளிது. கறுப்பில் போடு என்றேன். 2 சதவீதம் போல நல்ல கார்பன் கறுப்பு வெயிலைத் தடுக்கும், உறைவதற்கும் கொஞ்சம் கைகொடுக்கும்.

"அப்ப பாட்டில் சரக்குக்கும் இதே கணக்குதானாண்ணே?" என்று கேட்டான். இல்லை, அது தலைகீழ். பெட் இயல்பாகவே மெதுவாகப் படிகமாகும்; பாட்டில் தெளிவாக வர அந்த மெதுவே வேண்டும். மறுசுழற்சியில் ஈரத்தால் சங்கிலி அறுந்து, அழுக்கும் பிடிமானமாகி, வேகமாக உறைந்து வெளுத்துப்போகும். அங்கே சங்கிலியை மறுபடி நீட்டும் செயின் எக்ஸ்டெண்டரும், உருக்குமுன் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு (50 பி.பி.எம்.) கீழே ஈரத்தை உலர்த்துவதும்தான் முக்கியம். அந்த மெஷினுக்கு அவன் போகவில்லை என்பதால் அதோடு விட்டோம்.

வற்றல், வடகம், ஊறுகாய் போட்டு வைக்க ஒரு மூடி வாளி கொடு என்று ஆச்சிமார் வந்து கேட்பார்கள். கலவைப் பழைய சரக்கில் செய்ததை அதற்குக் கொடுக்காதே என்று அழுத்திச் சொன்னேன். நானும் கொடுப்பதில்லை. எந்த வாளியில் முன்பு என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது.

இரவு சாப்பிட்டு எழுந்தபோது அவன் பட்டியல் மூன்று வரியாகச் சுருங்கியிருந்தது. வாளி: மூன்றில் இரண்டு பங்கு நாற்காலி, மக்குச் சரக்கு, ஒரு பங்கு பெயின்ட் வாளி, ஆன்டிஆக்சிடன்ட் 150 கிராம். மூடி: நீலம், பச்சை பிரித்த சரக்கு, டால்க் மாஸ்டர்பேட்ச், ஆன்டிஆக்சிடன்ட் 200 கிராம். தொட்டி: மிச்சமெல்லாம், கறுப்பு. மாஸ்டர்பேட்ச் முழுக்க டால்க்காக இருக்காது, அதில் எத்தனை சதவீதம் டால்க் என்று கேட்டு வாங்கி அதன்படி அளவு போட வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டான். நாற்காலிச் சரக்கில் மூழ்கும் துண்டு அதிகமாக வந்தால் அந்த லோடை மூடிக்குத் தள்ளி, அந்த அளவுக்கு டால்க்கைக் குறைக்க வேண்டும் என்பதை அதற்குக் கீழே எழுதினான்.

புதன்கிழமை என் மெஷினிலேயே முதல் சோதனையாக நாற்பது மூடி போட்டோம். டால்க் போட்டது இருபது, போடாதது இருபது. எல்லாவற்றின் அடியிலும் நேரத்தைக் கிறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று வைக்காமல் திண்ணையில் பரப்பி வைத்திருக்கிறேன். வெள்ளி சாயங்காலம் வரை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று ஃபீலர் கேஜ் விட்டு அளப்பதற்குத் தம்பி அன்றைக்கு வருகிறான்.